முதல் போகம்: வெளிநாட்டிலிருந்து திரும்பியவருக்கும் சீருடை கழற்றியவருக்கும் மட்டக்களப்பு, அம்பாறை வேளாண்மை வழிகாட்டி

கட்டாரிலோ சவூதியிலோ பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர், தமிழ்நாட்டு முகாமிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்கியவர், படையிலோ பொலிஸிலோ சிவில் பாதுகாப்பிலோ சேவைக்காலம் முடித்தவர், போராளியாக இருந்து புனர்வாழ்வு முடித்து வந்தும் இன்னும் நிரந்தரத் தொழில் அமையாதவர். இவர்களில் யாராவது "இனி வேளாண்மை செய்வோம்" என்று நினைத்தால் எங்கே தொடங்குவது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. எந்தச் சீருடை என்று இங்கே கேட்கப்போவதில்லை.

இவர்கள் அதிகாலையில் எழும்பப் பழகியவர்கள், சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் முடிப்பவர்கள். பலரிடம் ஒரு மொத்தத் தொகையும் இருக்கும்: வெளிநாட்டுச் சேமிப்போ, சேவை முடிவில் கிடைத்த பணிக்கொடையோ. இல்லாதது, தாங்கள் ஊரில் இல்லாத காலத்தில் வட்டையில் (வயல்வெளியில்) என்ன நடந்தது என்ற விபரம். மண்முனைத் துறையில் பாதையில் (மிதவைப் படகில்) ஏறி, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போன ஞாபகத்தோடு வருகிறவருக்கு 2014இல் திறந்த பாலமே புதிது. வெட்டுக்காரர் வரிசையாய் நின்று அறுத்த வயலில் இப்போது அறுவடை மெஷின் இறங்குகிறது. வெட்டிய கதிரைக் குவித்துச் சூடு வைப்பதும் அதை மிதித்துச் சூடடிப்பதும் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு ஒரேயடியாக நிறுத்தி, அதே வருடக் கடைசியில் திரும்ப விட்ட கூத்தில் பட்ட கடனை இழுத்துக்கொண்டு வந்த குடும்பங்கள் உண்டு. இதெல்லாம் தெரியாமல் "பழைய ஊர்தானே" என்று இறங்கினால் கைக்காசு முதல் மழையிலேயே போய்விடும்.

ஆகவே என் பிடிவாதம் ஒன்றுதான்: முதல் போகத்தில் உங்கள் காசை வயலில் இறக்காதீர்கள். முதல் போகம் பார்க்க, இரண்டாவது போகம் சின்னதாய்ச் செய்ய, மூன்றாவதிலிருந்து நிலம், மெஷின் என்ற பேச்சு.

இது கோழைத்தனம் இல்லை. அமெரிக்க விவசாயத் திணைக்களம், பண்ணைத் தொழிலில் இறங்கி 10 வருடத்துக்கு மேல் ஆகாதவரைத் தொடக்க விவசாயி என்றே கணக்கில் வைக்கிறது. குடியேறி வந்தவர்களுக்கும் முன்னாள் படையினருக்கும் பயிற்சி கொடுக்கும் அமைப்புகளுக்கு அங்கே அரசு நிதி போயிருக்கிறது. பல இடங்களில் புதியவரை உடனே நிலம் வாங்கச் சொல்வதில்லை. பயிற்சிப் பண்ணையில் ஒரு துண்டைச் சில வருடம் கொடுத்து, இயந்திரங்களைப் பொதுவில் பாவிக்க விடுகிறார்கள். நம் பக்கத்தில் அதை நாமே ஒப்பேற்றிக்கொள்ள வேண்டியதுதான். அனுபவமுள்ள ஒருவரின் வயல்தான் உங்கள் பயிற்சிப் பண்ணை.

ஒரு போகம் இன்னொருவர் வயலில்

யாரோடு சேருவது? ஊரில் ஆகக் கூடிய ஏக்கர் வைத்திருப்பவரோடு வேண்டாம். அவர் வயலுக்கு வருவதே அபூர்வமாக இருக்கும். மூன்று நான்கு ஏக்கரைத் தானே நின்று செய்கிறவரைப் பாருங்கள். அவர் உறவினராக இல்லாவிட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் உறவுக்காரர் உங்களுக்கு வேலை சொல்லக் கூச்சப்படுவார். கூலி தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சும்மா நிற்கிறவருக்கு யாரும் கடினமான வேலையைக் கொடுப்பதில்லை, கடினமான வேலையில்தான் பாடம் இருக்கிறது.

நேற்று வரை இருபது பேருக்கு வேலை சொன்ன போர்மனுக்கோ சார்ஜனுக்கோ இது கொஞ்சம் உறைக்கும். "மனே, நீங்க அங்க பெரிய ஆளா இருந்திருப்பீங்க. இஞ்ச முதல்ல வக்கடை கட்டப் பழகுங்க, மறுகா மத்ததப் பாப்பம்" என்று ஒரு வயதானவர் சொன்னால் சிரித்துக்கொண்டே மண்வெட்டியைத் தூக்குங்கள்.

வக்கடை என்பது வரம்பில் தண்ணீர் போக வர வெட்டும் வாய். அதை ஒரு வெட்டு மண்ணால் அடைப்பது பார்க்கச் சுலபம். ஆனால் போட்ட மண்ணைக் காலால் மிதித்து இறுக்கி, வேரோடு வெட்டிய புல்லுக்கட்டி ஒன்றைத் தண்ணீர் தள்ளும் பக்கம் வைத்து அமுக்காவிட்டால், இரவோடு இரவாகக் கரைந்துவிடும். காலையில் போனால் உங்கள் வயல் வறண்டிருக்கும், முதல்நாள் எறிந்த யூரியா கீழ்வயல்காரருக்குப் போயிருக்கும். இப்படிப்பட்ட விசயங்கள் எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் இல்லை.

அந்தப் போகத்தில் ஒரு கொப்பி வைத்து எழுதுங்கள். உழவு எந்தத் திகதி, எத்தனை தரம், ஏக்கருக்கு என்ன கூலி, விதை எவ்வளவு, எண்ணெய் என்ன பெயர், எத்தனை மில்லிலீற்றர், அறுவடை மெஷின் மணித்தியாலத்துக்கு என்ன கேட்டது, எத்தனை மூடை வந்தது, வியாபாரி எவ்வளவு கழித்தான். இங்கே எண்ணெய் என்றால் பூச்சிகொல்லியும் களைகொல்லியும் என்று முகாமில் வளர்ந்த பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள். அந்தக் கொப்பிதான் அடுத்த போகத்துக்கு உங்கள் செலவுத் திட்டம்.

காணி: காசு கொடுக்குமுன்

நிலம் தேடத் தொடங்கியதும் தரகர்கள் தேடி வருவார்கள். வெளிநாட்டுக் காசு என்றால் விலை ஒரு சுற்றுக் கூடும். அவசரப்படாதீர்கள்.

நம் மாவட்டங்களில் வயல் நிலத்தில் நிறைய அரச காணி உண்டு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமாகவோ அளிப்பாகவோ கொடுக்கப்பட்டது. அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. ஆனாலும் வெற்றுத்தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சி வைத்து "வித்தாச்சு" என்று கைமாறும் காணிகள் ஏராளம். அப்படி வாங்கியவர் உழுகிற வரை பிரச்சினை இருக்காது. விற்றவர் இறந்து அவருடைய பிள்ளைகள் பின்னுரித்து, அதாவது அவருக்குப் பின் காணி சேரும் உரிமை, கேட்டு வரும்போதுதான் தொடங்கும். பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போய், அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கொடுத்து, இப்போது யார் பெயரில் இருக்கிறது, பின்னுரித்து யாருக்கு என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். உறுதிக் காணி, அதாவது பத்திரம் எழுதிய தனியார் காணி, என்றால் காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதி எடுத்து, அடமானம் ஏதும் இருக்கிறதா என்று நொத்தாரிசைக் கொண்டு பார்ப்பிக்கலாம்.

படுவான்கரையின் மேற்கு ஓரம், கிரான், வாகரை, திருக்கோவிலுக்கு உள்ளே கஞ்சிகுடிச்சாறு போன்ற பக்கங்களில் இன்னொரு சோதனை உண்டு. இடப்பெயர்வுக் காலத்தில் காடு பற்றிப்போன பழைய வயல்களில் வன இலாகாவும் வனஜீவராசிகள் திணைக்களமும் எல்லைக்கல் போட்ட இடங்கள் இருக்கின்றன. "எங்கட அப்பப்பா செய்த பூமி" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கல் போட்ட நிலத்தில் டோசர் இறக்கினால் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும். முதலில் கிராம உத்தியோகத்தரையும் காணி உத்தியோகத்தரையும் கூட்டிப்போய் இடத்தைக் காட்டுங்கள்.

தொடங்குகிறவருக்கு நான் சொல்வது குத்தகைதான். ஒன்று அல்லது இரண்டு ஏக்கர், ஒரு வருடம், எழுத்தில். அந்த எழுத்தில் மூன்று விசயம் கட்டாயம் இருக்கவேண்டும்: எந்தப் போகம் தொடக்கம் எந்தப் போகம் வரை, குத்தகை நெல்லாகவா காசாகவா, பசளை மானியம் யாருக்கு. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மானியம், விவசாயிகளைப் பதியும் அரச அலுவலகமான கமநல சேவை நிலையத்தில் அந்தக் காணிக்குச் செய்கைக்காரராகப் பதிந்திருப்பவரின் வங்கிக் கணக்குக்குப் போகும். வயல் செய்வது நீங்கள், காசு போவது காணிக்காரருக்கு என்ற நிலைமை வந்து, போகம் பாதியில் முகம் முறிந்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

கமநல சேவை நிலையம்

சரி, குத்தகை கைச்சாத்தாயிற்று. அடுத்த நாளே உங்கள் பிரிவின் கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், குத்தகை எழுத்து மூன்றையும் பிரதி எடுத்துக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம். அங்கே நெற்காணிப் பதிவேட்டில் உங்களைச் செய்கைக்காரராகப் பதிய வேண்டும். அந்த வட்டைக்குரிய கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பிலும் சேர வேண்டும். இந்த அமைப்புகள் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி பதிந்தவை. வாய்க்கால் துப்புரவு, விதைநெல், மானியப் பட்டியல், அழிவு நடந்தால் யார் பெயர் போகிறது என்பதெல்லாம் அந்த வழியாகத்தான் நடக்கும். பதியாத விவசாயிக்கு வெள்ளம் வந்தாலும் நட்டஈடு கிடையாது.

உதாரணத்துக்கு, 2024/25 பெரும்போகத்துக்கு (மாரிப் போகம்) நெல்லுக்கான பசளை மானியம் ஹெக்டேருக்கு 25,000 ரூபா, ஆகக்கூடியது 2 ஹெக்டேர் வரை. இந்தத் தொகை அரசுக்கு அரசு மாறும், சில நேரம் விதைத்து மாதம் கடந்துதான் வந்து சேரும். ஆகவே அதை நம்பி முதல் பசளையைக் கடனுக்கு எடுக்காதீர்கள்.

ஆரம்பக் கூட்டமும் வட்டை விதானையும்

புதியவர்கள் ஆகக் கூடுதலாகச் சறுக்குவது இங்கேதான். நெல் தனியாள் பயிர் இல்லை. ஒரு வட்டையில் நூறு பேர் இருந்தால் நூறு பேரும் ஏறக்குறைய ஒரே கிழமையில் விதைக்க வேண்டும். பிந்தி விதைத்தவனின் வயலில் கடைசித் தண்ணீர் வராது. மற்றவர்கள் அறுத்து முடித்ததும் பூச்சியும் பறவையும் மாடும் அவனுடைய வயலுக்குத்தான் வரும்.

அந்தத் திகதிகளைத் தீர்மானிப்பது ஆரம்பக் கூட்டம். பெரிய குளங்களுக்கு மாவட்டச் செயலாளர் தலைமையில், நீர்ப்பாசனத் திணைக்களம், கமநலத் திணைக்களம், விவசாயத் திணைக்களம், வங்கி, காப்புறுதி எல்லோரும் இருந்து கூடுவார்கள். உன்னிச்சை, உறுகாமம், நவகிரி, வாகனேரி என்று குளம் குளமாகக் கூட்டம் நடக்கும். அம்பாறைப் பக்கம், 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து வரும் தண்ணீரை நம்பித்தான் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்கள் இருக்கின்றன. அங்கேயும் இதே ஒழுங்குதான். 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாயும் சின்னக் குளங்களைக் கமநலத் திணைக்களம் பார்க்கிறது.

கூட்டத்தில் குறித்துக்கொள்ள வேண்டியவை: தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் கடைசி நாள், எத்தனை மாத நெல் விதைக்கலாம், மாடுகளை வட்டையை விட்டு வெளியேற்றும் நாள், தண்ணீர் நிறுத்தும் நாள். கேள்வி கேட்க வெட்கப்பட வேண்டாம். படையில் இருந்தவர்களுக்கு இந்தக் கூட்டம் லேசாகப் பிடிபடும், கட்டளைப் பத்திரம் போலத்தான் இருக்கும். ஆனால் ஒரு வித்தியாசம், இங்கே கட்டளையைப் பாதிப்பேர் கடைப்பிடிப்பதில்லை. அதற்குத்தான் வட்டை விதானை இருக்கிறார். முறைத் தண்ணீர் யாருக்கு எப்போது, யாருடைய மாடு யாருடைய வயலில் மேய்ந்தது என்பது அவருடைய அலுவல். போகம் முடிய ஏக்கர் கணக்கில் அவருக்குரியதைக் கொடுப்பது வழக்கம். அதில் பேரம் பேசாதீர்கள்.

எந்த மண்ணுக்கு எது

வேளாண்மை என்றால் இங்கே நெல் என்றுதான் அர்த்தம். அதனால் புதியவரும் நெல்லிலேயே விழுகிறார். நெல்தான் வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

வாவிக்கும் கடலுக்கும் இடையிலான எழுவான்கரையில், களுதாவளை, தேத்தாத்தீவுப் பக்கத்துக் கடலோர மணலில், சின்ன நிலத்தில் மிளகாய், வெங்காயம், கத்தரி, வெற்றிலை என்று வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. கிணற்றுத் தண்ணீர் ஆழமில்லை, மோட்டர் போதும். ஆனால் மணல் பசளையையும் தண்ணீரையும் பிடித்து வைக்காது. சாணம், இலைகுழை, எரு இல்லாமல் செய்ய முடியாது. கச்சான் காற்று (வறண்ட மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் ஒரு நாள் தண்ணீர் தவறினால் கன்று வாடிவிடும். கால் அரை ஏக்கரில் வருமானம் கிழமைக்குக் கிழமை வரும் என்பதுதான் இதன் நன்மை. வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து திரும்பிய பெண்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். நம் பக்கத்தில் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணின் சீதனம்தானே. நிலம் அவருடையது, சந்தை பக்கத்தில், பிள்ளைகளை விட்டுவிட்டு இரவுக் காவலுக்குப் போகவும் தேவையில்லை.

மேட்டுநிலத்தில், வாகரைப் பக்கம் கச்சான் (நிலக்கடலை), உள்ளே சோளம், பயறு, கௌபி. சோளம் செய்கிறவர் சேனா படைப்புழுவை மறந்துவிடக் கூடாது. 2018 பெரும்போகத்தில் அம்பாறைச் சோளத்தைச் சப்பித் துப்பியது அது. முளைத்த முதல் கிழமையிலிருந்தே குருத்துக்குள் விரித்துப் பார்க்க வேண்டும். வெளியே ஓட்டை தெரிந்து, குருத்தில் மரத்தூள் மாதிரி எச்சம் தெரியும்போது புழு உள்ளே போய்விட்டிருக்கும், பிறகு அடிக்கும் மருந்து அதைத் தொடாது.

நெல் செய்வதென்றால்

விதையில் தொடங்குவோம். இலங்கை நெல்லினங்களின் பெயரில் பீ.ஜி. என்பது பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம், ஏ.ரி. என்பது அம்பலாந்தோட்டை. பின்னால் வரும் எண்ணில் வயது ஒளிந்திருக்கிறது: பீ.ஜி. 250 இரண்டரை மாதம், பீ.ஜி. 300 மூன்று மாதம், பீ.ஜி. 352, பீ.ஜி. 366, ஏ.ரி. 362 எல்லாம் மூன்றரை மாதம். பழைய பீ.ஜி. 94-1 இந்தக் கணக்குக்குள் வராது, அதுவும் மூன்றரை மாத நெல்தான். ஆரம்பக் கூட்டத்தில் மூன்றரை மாதத்துக்குத்தான் தண்ணீர் என்றால் நாலு மாத நெல்லுக்கு ஆசைப்படாதீர்கள்.

அத்தாட்சிப்படுத்திய விதைநெல் விலை கூடத்தான். அப்படியும் வாங்குங்கள். பக்கத்து வயல்காரர் தரும் நெல்லில் பன்றி நெல் கலந்திருந்தால் அது உங்கள் மண்ணில் கொட்டி, பல போகத்துக்கு உங்களை விடாது. களைகொல்லியால் அதைப் பிரித்துக் கொல்லவும் முடியாது, ஏனென்றால் அதுவும் நெல்தான். அறுவடை மெஷின் ஒரு வயலிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கும்போது உள்ளே கிடக்கும் நெல்லைத் துடைத்துவிடச் சொல்வதும் இதற்காகத்தான்.

வாங்கிய விதையையும் நம்பிவிட வேண்டாம். நூறு நெல்மணியை எண்ணி எடுத்து, ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பாருங்கள். ஒரு கிழமையில் 85க்குக் குறைவாக முளைத்திருந்தால் அந்த மூடையைத் திருப்பிக் கொடுங்கள். நல்ல விதையை 24 மணித்தியாலம் ஊறப்போட்டு, வடித்து, சாக்கில் கட்டி மூடி வைத்தால் ஒன்றிரண்டு நாளில் வெள்ளையாய் முளை எட்டிப்பார்க்கும். முளை நெல்லின் நீளத்தைத் தாண்ட விட்டால் எறியும்போது ஒடியும். சாக்குக்குள் கையை விட்டுப் பாருங்கள், சூடு தாங்க முடியாமல் இருந்தால் அவிந்துகொண்டிருக்கிறது. உடனே திறந்து தண்ணீர் தெளித்துக் கிளறிவிட வேண்டும்.

விதைப்பு அளவு ஏக்கருக்கு இரண்டு புசல் என்பது திணைக்களத்தின் பேச்சு. ஒரு புசல் ஏறத்தாழ 21 கிலோ. ஊரில் மூன்று, நாலு புசல் எறிகிறவர்கள் உண்டு. வெள்ளத்தில் கொஞ்சம் அள்ளுப்பட்டாலும் மிச்சம் இருக்கும் என்பது அவர்களுடைய நியாயம். நிலத்தை மட்டமாய்ச் சமன்படுத்தி, தண்ணீர் வடிய நடுவில் கான் இழுத்தவருக்கு அந்தப் பயம் தேவையில்லை. அதிகம் எறிந்தால் பயிர் அடர்ந்து, காற்றோட்டம் இல்லாமல், அறக்கொட்டிக்குத்தான் வசதி.

அறக்கொட்டி பற்றி ஒரு வார்த்தை. கபில நிறத்தில், அரிசிமணியிலும் சிறிய தத்தி. மேலே நின்று பார்த்தால் வயல் பச்சையாய்த்தான் இருக்கும். குனிந்து, பயிரை இரண்டு கையாலும் விலக்கி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே தண்டடியைப் பாருங்கள், அங்கேதான் கூட்டமாய் ஒட்டியிருக்கும். யூரியா கூடிய வயல், அடர்த்தியான வயல், விதைத்த மாதத்திலேயே தேவையில்லாமல் பூச்சி எண்ணெய் அடித்துச் சிலந்திகளைக் கொன்ற வயல், இந்த மூன்றிலும்தான் அது முதலில் கட்டும். வட்டமாய்க் கருகத் தொடங்கிய பிறகு ஓடித் திரிவதில் பயனில்லை. கிழமைக்கு ஒருதரம் குனிந்து பார்ப்பதே மருந்து. கண்டதும் தண்ணீரை வடித்துவிட்டு, விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். கடைக்காரரைக் கேட்டால் இரண்டு போத்தல் கூட விற்பார்.

பசளை விசயத்தில் ஒன்றே ஒன்று: யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பயிரின் வயதுக்கேற்பப் பிரித்துப் போடுங்கள். மண் பரிசோதனை செய்தவர்களுக்குப் பொஸ்பேற் தேவையே இல்லை என்று வந்து செலவு மிச்சமானதும் உண்டு.

உடம்பு, யானை, வெடி

எண்ணெய் அடிக்கும்போது வெறும் மேலோடு நிற்பது இங்கே ஒரு வீரம். நீட்டுக்கை சேட், முகமூடி, காற்றுக்கு முதுகு, இவ்வளவுதான் கேட்கிறோம். வெறும் போத்தலை வாய்க்காலில் எறியாதீர்கள்.

வயலில் காலில் புண்ணோடு இறங்கிக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சல் ஞாபகத்துக்கு வரவேண்டும். போகம் தொடங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், தடுப்பு மாத்திரை இலவசமாய்க் கேட்டு வாங்கலாம். காய்ச்சல் வந்து வைத்தியரிடம் போனால், கேட்குமுன்பே "வயலில் வேலை செய்கிறேன்" என்று சொல்லுங்கள்.

மட்டக்களப்பு 2017இல் கண்ணிவெடி அற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. இருந்தாலும் நீண்டகாலம் உழாத மண்ணில் துருப்பிடித்த எதையாவது கண்டால் தொடாமல், அடையாளம் வைத்துவிட்டுப் பொலிஸுக்குச் சொல்லுங்கள். முன்னாள் படையினரும் போராளிகளும் இதில்தான் ஆபத்தானவர்கள், "எனக்குத் தெரியும்" என்று கையை வைக்கிறார்கள்.

யானைக்கு இரவுக் காவல் வேண்டும். கதிர் பால் பிடிக்கும் காலத்தில் படுவான்கரையில் வாடியில் (காவல் குடிலில்) நித்திரை இல்லாமல் இருப்பது வழக்கம். யானைவெடி வனஜீவராசிகள் திணைக்களத்தால் கிடைக்கும். ஆனால் சண்டையைக் கண்டவர்களில் சிலருக்கு நடுச்சாமத்தில் அந்த வெடிச் சத்தம் ஆகாது. கை நடுங்கும், இரண்டு நாள் பேச்சிருக்காது. இதை வெட்கமாய் எடுக்காமல் முறை பிரிக்கும்போதே சொல்லிவிடுங்கள்: நான் பகல் காவல், நான் தண்ணீர் பார்க்கிறேன், இரவு வேறு ஆள். குண்டுச் சன்னம் ஏறிய உடம்போ, கால் இழப்போ உள்ளவர்களுக்கும் அப்படித்தான். சேற்றில் நிற்கும் வேலையைக் கூலிக்கு விட்டு, நாற்றுமேடை, கோழி, கணக்கு, வியாபாரம் என்று தங்கள் பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்.

காசைக் கையாள்வது

நெல் நாலு மாதத்துக்கு ஒருமுறைதான் காசு தரும். கிழமைக்குக் கிழமை தவணை கட்டும் நுண்கடன் அதற்கு ஒத்துவராது. மூன்றாம் கிழமையே கட்ட வழியில்லாமல், அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் ஒழுங்கையிலேயே கேட்டுப் பார்க்கலாம். கடையில் எண்ணெயும் பசளையும் கடனுக்கு வாங்கி, அறுவடையில் நெல்லாகக் கொடுப்பது இன்னொரு பொறி. அங்கே நெல்லின் விலையைக் கடைக்காரர்தான் போடுவார். வட்டிச் சலுகையோடு பயிர்க்கடன் தரும் வங்கிகள் ஆரம்பக் கூட்டத்துக்கே வருகின்றன, அங்கேயே பிடித்துப் பேசுங்கள்.

செலவைத் திட்டமிடும்போது கொப்பியில் உள்ள கணக்குக்கு மேலே இன்னொரு கால்பங்கை ஒதுக்கி வையுங்கள். மறு விதைப்பு என்று ஒன்று வரும். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் வெள்ளம் இரண்டு மாவட்டத்து வயலையும் என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். விவசாய கமநலக் காப்புறுதிச் சபையின் காப்புறுதியில் நெல், சோளம், மிளகாய் போன்ற பயிர்கள் அடங்கும். அழிவு நடந்தால் தண்ணீர் வற்றுமுன் படம் எடுத்து, கமக்காரர் அமைப்பின் மூலமும் நேரிலும் கமநல சேவை நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சில் சொன்னதற்குப் பதிவு இருக்காது.

பயிற்சி எங்கே

1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் விவசாயத் திணைக்கள ஆலோசனை தமிழிலும் கிடைக்கும். மட்டக்களப்பில் கரடியனாற்றில் மாவட்ட விவசாயப் பயிற்சி நிலையம் இருக்கிறது. சம்மாந்துறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் உங்களுக்கு ஆக வேண்டியவர் உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியர். அவர் கமநல சேவை நிலையத்துக்கு எந்த நாளில் வருவார் என்று கேட்டு, அந்த நாளில் நோய் பிடித்த பயிரை வேரோடு பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். தொலைபேசியில் "மஞ்சளாய்க் கிடக்கு" என்று சொன்னால் அவரும் குத்துமதிப்பாகத்தான் சொல்வார்.

உதவி செய்ய வரும் நிறுவனங்களுக்கும் வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பும் உறவினருக்கும் ஒரு வேண்டுகோள். தண்ணீர்ப் பம்பியும் விதைப் பொதியும் கொடுத்துப் படம் எடுத்துப் போவதில் பாதிக் காசு வீண். பம்பி ஒரு வருடத்துக்குள் விற்பனைக்கு வந்துவிடும். அதே காசில் ஒரு அனுபவமுள்ள விவசாயிக்கு இரண்டு போகம் ஊதியம் கொடுத்து, ஐந்து புதியவர்களின் வயலுக்குக் கிழமைக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வைத்தால் அவர்கள் நிலைப்பார்கள். புனர்வாழ்வு பெற்றவர்களை மட்டும் தனிக் குழுவாகக் கட்டாதீர்கள், ஊருக்குள் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். திரும்பி வந்த அகதிகளையும், ஓய்வுபெற்றவர்களையும், ஊரில் இருந்த இளம் விவசாயிகளையும் கலந்து ஒரே வட்டைக்காரராய்க் கூட்டுவதுதான் சரி.

அறுவடையும் விற்பனையும்

கதிரில் நூற்றுக்கு எண்பத்தைந்து மணி பழுத்ததும் வெட்டலாம். பத்து நாளுக்கு முன்பே தண்ணீரை வடித்தால்தான் மெஷின் புதையாது. மெஷின்காரரோடு விலை பேசும்போது ஏக்கருக்கா மணித்தியாலத்துக்கா என்று தெளிவாகப் பேசுங்கள். சாய்ந்த பயிரில் மணிக்கணக்கு உங்களைத் தின்றுவிடும்.

வயலிலிருந்து வரும் நெல் ஈரம். நெல் சந்தைப்படுத்தும் சபை 14 சதவீத ஈரப்பதத்தில்தான் உத்தரவாத விலை தரும். 2025 பெப்ரவரியில் அறிவித்தது நாட்டரிசி நெல்லுக்குக் கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132. வரம்பில் வந்து நிற்கும் வியாபாரி அதற்குக் குறைவாகத்தான் கேட்பார், ஆனால் காசு கையில். காய வைக்கக் களமும் ஆளும் உள்ளவர் காய வைத்து விற்கலாம். இல்லாதவர் பாதியைப் பச்சையாய் விற்றுக் கூலிக்கடனைத் தீர்த்துவிட்டு, மிச்சத்தைத் தார்ப்பாயில் உலர்த்தி வைத்திருக்கலாம். மூடைக் கணக்கில் விற்காதீர்கள். தராசை வைத்துக் கிலோவில் நிறுத்து, சாக்குக்கு எவ்வளவு கழிக்கிறார் என்பதை நிறுக்குமுன் பேசிக்கொள்ளுங்கள்.

நெல் போனதும் சிறுபோகம் (கோடைப் போகம்) செய்வோமா என்று கை துருதுருக்கும். குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எத்தனை ஏக்கருக்குத் திறப்பார்கள், உங்கள் வயற்கண்டம் அதற்குள் வருகிறதா என்பது சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில்தான் முடிவாகும். அதற்கு முன்னால் உழவுக்காரருக்கு முற்பணம் கொடுத்துவிடாதீர்கள்.